ஓடத்தை விற்றவர்கள்

பிரெஞ்சு தேசத்தில் தொர்தோன் என்று ஓர் ஆறு இருக்கிறது. அதன் கரையோரத்து ஊர்களில் எந்த விடுதிக்குள் நுழைந்தாலும் வாசலில் வண்ண வண்ணமான விளம்பரக் காகிதங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பல காகிதங்கள் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. காலையில் ஆற்றில் படகு விடலாம். பிற்பகலில் திராட்சைத் தோட்டத்துக்குப் போய் மது ருசிக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இந்த மாதிரி ஜோடி சேர்க்கிற ஏற்பாடுகளில் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. நம் ஊரிலும் சுவாமி தரிசனத்தையும் ஜவுளி வாங்குவதையும் ஒரே பிரயாணத்தில் முடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சந்நிதியில் நிற்கும்போது புடவை ஞாபகம். புடவைக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது பிரசாதம் ஊசிப்போய்விடுமே என்ற கவலை. அதிலும் ஆற்றுக்கும் மதுவுக்கும் என்ன சம்பந்தம்? படகில் ஏறுகிறவனுக்கு நிதானம் வேண்டும். மற்றதோ நிதானத்தைப் பறிப்பதற்கென்றே ஏற்பட்டது. இதுதான் அப்போது என் அபிப்பிராயம்.

சென்ற வருஷம் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் நானும் அந்த ஏற்பாட்டில் அகப்பட்டுக்கொண்டேன். சாயங்காலம் ஆவதற்குள் ஆறும் மதுவும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள் என்று தெரிந்துபோயிற்று. விளம்பரக் காகிதத்தில் அச்சாகாத மூன்றாவது அத்தியாயம் ஒன்றும் இருந்தது.

என்னை அழைத்துப் போனவர் என் மாமா. என் தாயாருக்கு ஒன்றுவிட்ட தம்பி, காரைக்காலில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 'சொல்தா' என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பரிலேயே இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டன. ஆனால் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்டில்தான். அப்போது ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் அதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த தாத்தா எழுதிக் கொடுத்தார். நாலு வயசுப் பையனான மாமாவும் அந்த ஒரு கையெழுத்திலேயே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். பத்தொன்பது வயசில் போர்தோ நகரத்துக்கு வந்து, தபாலாபீஸில் உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டார். இன்றைக்கும் 'எங்கள் வீடு' என்று சொன்னால் அது போர்தோவில் உள்ள வீட்டைக் குறிக்காது. காரைக்காலில், முற்றம் வைத்துக் கட்டிய, பின்பக்கம் மொட்டை மாடியுள்ள பழைய வீட்டைத்தான் குறிக்கும்.

அந்த வீட்டில் அவருடைய அக்கா, எனக்குப் பெரியம்மா, தனியாக இருந்தாள். எழுபத்தைந்து வயசு. மழைக்காலத்தில் கூடத்தில் மூன்று இடங்களில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடிக்க வேண்டும். திருச்சியில் இருக்கும் மகள் வந்துவிடு, வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பெரியம்மாவுக்கும் போக மனசுதான். ஆனால் வீடு இரண்டு பேர் பெயரில் இருந்தது. விற்பதானால் மாமா சம்மதிக்க வேண்டும். மூன்று வருஷமாக அவர் "யோசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே காலத்தைக் கடத்திவிட்டார்.

நான் ஒரு காரியமாகப் பிரான்ஸுக்குப் புறப்பட்டபோது பெரியம்மா என்னிடம் இரண்டு பொருள்களைக் கொடுத்தனுப்பினாள். ஒன்று, ஒரு டின் நிறைய வெங்காய வடகம். மற்றது, ஒட்டிய உறை ஒன்று. அதில் சம்மதப் பத்திரம் இருந்தது.

"வடகத்தைக் கொடுத்தா வாங்கிக்குவான். காகிதத்தைக் கொடுத்தா வாயை மூடிக்குவான். நீதான் பேசணும்" என்றாள்.

அப்படியே நடந்தது. மாமா டின்னைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை முகர்ந்து பார்த்தார். உறையைத் திறக்காமலே சட்டைப் பைக்குள் வைத்தார். "நாளன்னைக்கு ஆத்துக்குப் போறோம் மாப்ளே. படகு விட்டுக்கிட்டே பேசிக்கலாம்" என்றார்.

பேசுவதற்குப் படகு உகந்த இடம் அன்று என்பதை ஆற்றில் இறங்கிய பிறகு கண்டுகொண்டேன்.

செனாக் என்ற ஊரில் படகு வாடகைக்குக் கிடைக்கிறது. கனோ என்று அவர்கள் சொல்வது நம் ஊர் வள்ளம்தான். மரத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார வேண்டும். முன்னால் இருப்பவன் வேலையாள். பின்னால் இருப்பவர்தான் எஜமான். அவருடைய துடுப்பே சுக்கானாகவும் இருப்பதால் படகு அவர் சொன்ன பக்கம்தான் போகும். முன்னால் இருப்பவன் பேச வேண்டுமானால் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால் படகும் சேர்ந்து திரும்பிவிடும். மாமா என்னை முன்னால் உட்கார வைத்ததற்கு அதுதான் காரணமோ என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

படகுக்காரர் எங்களுக்கு மிதவைச் சட்டை கொடுத்தார். நனையக்கூடாத சாமான்களைப் போட்டு வைக்க, மூடியைத் திருகி அடைக்கிற சிறிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றும் கொடுத்தார். மாமா அதில் கார்ச் சாவி, டெலிபோன், ரொட்டிப் பொட்டலம் எல்லாவற்றையும் போட்டார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து அந்த உறையையும் எடுத்து உள்ளே போட்டு மூடியைத் திருகினார். கிணற்றில் போட்ட கல் என்று அதை நினைத்துக்கொண்டேன்.

அப்போது மணி ஒன்பதரை இருக்கும். ஆற்றின் மேல் மூடுபனி இறங்கியிருந்தது. இறங்கியிருந்தது என்பதைவிட, ஆற்றிலிருந்து எழுந்துகொண்டிருந்தது என்பதே சரி. தண்ணீரில் கோடை வெப்பம் மிச்சமிருந்தது. இரவுக் காற்றோ குளிர்ந்துவிட்டது. அதனால் ஆறு முழுவதும் வெந்நீர் அண்டா மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பத்து முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம், எங்கோ ஒரு வாத்து இறக்கையடித்துக்கொள்கிற சத்தம், அவ்வளவுதான் உலகம்.

தொர்தோன் 480 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஆறு. நடுப் பிரான்ஸின் மலைகளில் பிறந்து, மேற்கே ஓடி, போர்தோவுக்கு அருகில் கரோன் நதியோடு கலந்து கடலை நோக்கிப் போகிறது. செனாக்கிலிருந்து கீழே அது அவசரமில்லாத ஆறு. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. நாம் ஒன்றுமே செய்யாமல் முன்னேறிக்கொண்டிருப்பது வாழ்க்கையில் அடிக்கடி கிடைக்கிற அனுபவமா என்ன?

பனி விலகியபோது வலப்பக்கத்தில் ஒரு பெரிய பாறைச் சுவர் எழுந்து நின்றது. அதன் காலடியில், பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு தேன் நிறக் கல் வீடுகள். லா ரோக் கஜாக் என்று பெயர். தெற்குப் பார்த்த பாறை. பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு வடக்குக் காற்றையும் தடுத்துவிடுகிறது. அதனால் அந்த ஊரின் சந்துகளில் குளிர்தேசத்து மரங்களுக்கு நடுவே ஈச்சமரத்துச் சாதிகளும் மூங்கிலும் வளர்கின்றன.

"மாப்ளே, அங்கே பாரு" என்றார் மாமா. துடுப்பை நீட்டி அவர் காட்டிய இடத்தில், ஒரு கல் வீட்டின் பக்கத்தில், வாழை நின்றுகொண்டிருந்தது.

"முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு இருபது வயசு. கரையேறிப் போய் அந்த இலையைத் தொட்டுப் பார்த்துட்டு வந்தேன்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். படகும் திரும்பியது. அவர் உடனே அதட்டினார். நான் முன்னால் பார்த்துக்கொண்டேன்.

சற்றுக் கீழே இரண்டு கோட்டைகள். இடது கரையில் காஸ்தெல்நோ, வலது கரையில் பேனாக். நூறு வருஷப் போர் என்று சரித்திரப் புத்தகங்களில் வருகிறதே, அந்தக் காலத்தில் ஒன்று பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம்; மற்றது பிரெஞ்சு அரசர் பக்கம். எதிரெதிர்க் குன்றுகளிலிருந்து ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போர் 1453-ல் முடிந்ததும் இதே ஆற்றின் கரையில், கீழே காஸ்தியோன் என்ற இடத்தில் நடந்த சண்டையோடுதான். இப்போது இரண்டு கோட்டைகளிலும் டிக்கெட் விற்கிறார்கள்.

கோட்டைகளுக்கு நடுவே ஒரு மணல் திட்டில் படகை இழுத்துப் போட்டு ரொட்டியைச் சாப்பிட்டோம். தட்டை அடிப்பாகமுள்ள பெரிய மரப்படகு ஒன்று உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு மேலே போயிற்று. 'கபார்' என்று அதற்குப் பெயர். உறையைப் பற்றிப் பேச இதுவே சமயம் என்று நான் தொண்டையைக் கனைத்தேன். மாமா முந்திக்கொண்டார்.

"அந்தப் படகோட கதை தெரியுமா உனக்கு?"

கதை இதுதான். ஆற்றின் மேல்பகுதியில் அர்ஜந்தா என்று ஓர் ஊர். சுற்றிலும் மலைக்காடு, ஓக் மரமும் செஸ்நட் மரமும் ஏராளம். கீழ்ப்பகுதியிலோ திராட்சைத் தோட்டங்கள். கொடியை நிறுத்தக் கழி வேண்டும். மதுவை அடைக்கப் பீப்பாய் வேண்டும். பீப்பாய்க்குப் பலகை வேண்டும். இவையெல்லாம் காட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். சாலைகள் மோசம். ஆகவே மேல்நாட்டுக்காரர்கள் மரத்தை வெட்டிப் பிளந்து, அங்கேயே படகும் கட்டி, அதில் ஏற்றி, ஆற்றில் வெள்ளம் வருகிற காலத்துக்காகக் காத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் பாறையில் மோதும், கூடினால் கவிழ்த்துவிடும். இரண்டுக்கும் நடுவிலான பதமான தண்ணீர் வருஷத்தில் சில வாரங்களே கிடைக்கும். அப்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, பெர்ஜெராக், லிபூர்ன் முதலிய துறைமுகங்களுக்குச் சரக்கைக் கொண்டு சேர்ப்பார்கள்.

"சரக்கை வித்தாச்சு. அப்புறம் படகு? எதிர்நீச்சல் போட்டு மலைக்கு ஏறுமா? ஏறாது. அதனாலே மலையிலேருந்து வந்த படகையும் உடைச்சு விறகா வித்துடுவாங்க. கையிலே காசை வாங்கிக்கிட்டு, வீட்டுக்கு நடந்தே திரும்புவாங்க. நாள்கணக்கா நடை. அடுத்த வருஷம் புதுப் படகு, மறுபடியும் விறகு, மறுபடியும் நடை."

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வந்து இந்தத் தொழிலை முடித்துவைத்தது. ஆறு சும்மா கிடந்தது. பிறகு நம்மைப் போன்றவர்கள் சும்மா மிதப்பதற்காக வந்து சேர்ந்தோம்.

மாமா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்:

"அவங்க கெட்டிக்காரங்க, மாப்ளே. எனக்குப் படகை விக்கவும் மனசில்லை, நடந்து திரும்பவும் காலில்லை. நாப்பத்தேழு வருஷமா கரையிலே கட்டிப்போட்டு வச்சிருக்கேன். அது அங்கே அழுகுது. அதைக் காவல் காக்கிறது அக்கா."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? பெரியம்மாவுக்காக வாதாடுவதற்கென்று நான் தயார் செய்து வைத்திருந்த அத்தனை வாக்கியங்களையும் எதிர்க்கட்சியே சொல்லி முடித்துவிட்டது. வக்கீலுக்கு இதைவிடச் சங்கடம் வேறு இல்லை. ஆனால் உறை பீப்பாயிலேயே இருந்தது.

பேனாக்கில் படகை ஒப்படைத்தோம். படகுக் கம்பெனியின் வண்டி ஒன்று எங்களையும் படகையும் ஏற்றிக்கொண்டு, மூன்று மணி நேரம் மிதந்து வந்த தூரத்தைச் சில நிமிஷத்தில் திருப்பிக் கொண்டுபோய் விட்டது. நடந்து திரும்பியவர்களின் கதையைக் கேட்ட பிறகு அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

அங்கிருந்து காரில் ஆற்றைத் தொடர்ந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் போனால் பெர்ஜெராக். மதுப் பீப்பாய்கள் ஏறி இறங்கிய பழைய துறை இன்னும் அங்கே இருக்கிறது. ஊருக்குள் பெரிய மூக்கோடு ஒரு சிலை நிற்கிறது. நாடகத்தில் வருகிற சிரானோ என்ற வீரன். நிஜ சிரானோ பாரிஸ்காரர். பாரிஸுக்குப் பக்கத்தில் குடும்பத்துக்கு இருந்த ஒரு நிலத்தின் பெயரைத்தான் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அந்தப் பெயர் இந்த ஊரின் பெயராகவும் இருந்துவிட்டதால் சிலை இங்கே வந்துவிட்டது. ஊர்ப் பெயரைத் தலைப்பில் வைத்துக்கொள்கிற வழக்கமுள்ள நமக்கு இதெல்லாம் அதிசயமில்லை. மாமாவின் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டிலும் பிறந்த இடம் காரைக்கால் என்றுதான் போட்டிருக்கிறது.

பெர்ஜெராக்குக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் ஒரு மேடு. அதன் பெயர் மோன்பஸியாக். உச்சியில் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு மாளிகை. சரிவு முழுவதும் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுத் தலைக்கு மேல் பழம் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோட்டம் ஏமாற்றமாக இருக்கும். இங்கே கொடியைக் கம்பியில் கட்டி, இடுப்பளவுக்குக் கத்தரித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் போனது ஒரு சிறிய குடும்பத்தின் தோட்டம். வீட்டு அம்மாளுக்கு எழுபது வயசு இருக்கும். முழங்கால் வரை ரப்பர் செருப்பு, இடுப்பில் கத்தரி. மாமாவுக்கு ஏற்கெனவே பழக்கமானவள். எங்களை நேரே கொடிகளுக்கு நடுவில் அழைத்துப் போனாள்.

அங்கே கண்ட காட்சி எனக்குத் திடுக்கென்றது. பழங்கள் அழுகியிருந்தன. சில பொன்னிறமாக முழுசாக இருந்தன. சில ஊதா நிறத்தில் தொய்ந்திருந்தன. பல, சாம்பல் பூத்துச் சுருங்கி, கிழவியின் முகம் மாதிரி இருந்தன. பயிர் போய்விட்டதே என்று நான் அனுதாபத்தோடு அந்த அம்மாளைப் பார்த்தேன். அவளோ பெருமையில் பூரித்துப்போய் நின்றாள்.

மாமா மொழிபெயர்த்தார். இது பொட்ரைடிஸ் என்கிற பூசணம். இந்தப் பூசணத்துக்காகத்தான் அவர்கள் வருஷம் முழுவதும் காத்திருக்கிறார்கள். காலையில் ஆற்றிலிருந்து எழுகிற பனி இந்தச் சரிவில் ஏறி வந்து பழங்களை நனைக்கிறது. ஈரத்தில் பூசணம் பிடிக்கிறது. அது பழத்தின் தோலைக் கண்ணுக்குத் தெரியாமல் துளைக்கிறது. மத்தியானம் வெயில் வருகிறது. துளை வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது. இனிப்பும் மணமும் உள்ளே தங்கிவிடுகின்றன. காலைப் பனி, மாலை வெயில், இப்படியே நாள் கணக்கில் நடந்தால் பழம் சுருங்கித் தேனாகிவிடும். வெயில் வராமல் மழையே பெய்துகொண்டிருந்தால் அதே பூசணம் வெறும் அழுகலாகி, பயிரையே அழித்துவிடும். நல்ல விதமாக நடப்பதற்கு 'உயர்குலத்து அழுகல்' என்று பிரெஞ்சில் பெயர். எல்லாப் பழமும் ஒரே நாளில் பக்குவமாகாது. ஆகவே இயந்திரத்தை விடாமல் கையாலேயே, பக்குவமானதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி, ஒரே கொடிக்குப் பல தடவை வந்து பறிக்க வேண்டும்.

காலையில் எங்கள் படகை மூடி மறைத்ததே, அது எதற்காக எழுந்தது என்று இப்போது விளங்கிற்று. மேல்பகுதியில் கழியும் பீப்பாய்ப் பலகையும் சுமந்த ஆறு, இங்கே மதுவுக்கு உயிரையே ஊதி அனுப்பிக்கொண்டிருந்தது. விளம்பரக் காகிதம் எழுதினவருக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ, ஜோடி சரியான ஜோடிதான்.

வேர்களைப் பற்றியும் அந்த அம்மாள் ஒரு செய்தி சொன்னாள். 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சின்னஞ்சிறு பூச்சி, பிரான்ஸின் திராட்சைகளை வேரிலிருந்து தின்று தீர்த்தது. பரிகாரமும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அந்தப் பூச்சியைத் தாங்குகிற அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

"வேர் ஒரு தேசம், பழம் ஒரு தேசம். ஆனா சீட்டிலே பிரெஞ்சு மதுன்னுதான் எழுதுவாங்க. என்னைப் போலத்தான்" என்றார் மாமா.

நான் குடிக்கிறவன் அல்ல. அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பழக்கமில்லை, எனக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதை அறிந்ததும் அந்த அம்மாள் என்னை ஒரு நிமிஷம் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு ஒரு சுருங்கிய பழத்தைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். சாம்பல் பூத்த அந்தப் பொருளை வாயில் போட எனக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. போட்டேன். வெல்லப்பாகும், உலர்ந்த ஆரஞ்சுத் தோலும், எங்கோ தூரத்தில் ஒரு புளிப்பும். ஒரே ஒரு பழம்தான். அதன் ருசி நாக்கில் வெகுநேரம் நின்றது.

மாமாவும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மென்றவர் சட்டென்று நிறுத்தினார்.

"ராத்திரி ஈரம், பகல் வெயில். அக்கா வடகம் போடற மாதிரிதானே இது?" என்றார்.

வடகம் செய்கிறவர்களுக்கு இது உடனே புரியும். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் இடித்துக் கலந்து ஒரு ராத்திரி மூடி வைப்பார்கள். மறுநாள் உருட்டி மொட்டை மாடியில் வெயிலில் காய வைப்பார்கள். சாயங்காலம் உள்ளே எடுத்து மறுபடியும் பிசைந்து மூடுவார்கள்; காலையில் மறுபடியும் வெயில். நாள் ஆக ஆக உருண்டை கறுத்து, சுருங்கி, மணம் ஏறும். பிரெஞ்சுச் சமையற்காரர்கள் இந்தப் புதுச்சேரிச் சரக்குக்கு 'வதுவான்' என்று பெயர் சூட்டி மசாலாத் தூளாக்கி உபயோகிக்கிறார்கள். மாமா அதை ஒரு தடவை வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம்.

நிலவறைக்குள் போனோம். ஓக் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. வீட்டு அம்மாள் மூன்று கிண்ணங்களில் மூன்று வருஷத்து மதுவை ஊற்றினாள். ஒன்று இளம் மஞ்சள், ஒன்று பொன், ஒன்று பழைய பித்தளையின் நிறம். மாமா ஒவ்வொன்றையும் முகர்ந்து, வாயில் வைத்துச் சுழற்றி, ஓரத்தில் இருந்த பாத்திரத்தில் துப்பினார். கார் ஓட்ட வேண்டுமே! சுவை பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களும் இப்படித்தான் செய்வார்களாம். எனக்கு எங்கள் தாத்தாவின் வெற்றிலைப் படிக்கம் ஞாபகம் வந்தது.

துப்பிவிட்டு மாமா இன்னொரு கதை சொன்னார். பெர்ஜெராக் ஒரு காலத்தில் புராட்டஸ்டண்டுகள் மிகுந்த ஊர். பதினான்காம் லூயி 1685-ல் அவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை ரத்து செய்தான். பலர் ஹாலந்துக்கு ஓடிப்போனார்கள். திரும்பி வந்தால் தண்டனை. அங்கே உட்கார்ந்துகொண்டு அவர்கள் செய்த காரியம், இந்த மேட்டின் மதுவை ஹாலந்துக்கு வரவழைத்துக் குடித்தது. டச்சுக்காரர்களுக்கும் இந்த இனிப்பு பிடித்துப்போயிற்று. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் மூலமாகவே ஊரின் சரக்குக்குப் பேர் வளர்ந்தது.

"நடந்து திரும்ப முடிஞ்சவங்க திரும்பினாங்க. முடியாதவங்களுக்கு இது போச்சு" என்று கிண்ணத்தைக் காட்டினார். "எனக்கு யாரும் தடை போடலையே மாப்ளே. நான் ஏன் டின்னுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்?"

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை என்பது தெரிந்ததால் நான் பேசாமல் இருந்தேன்.

வெளியே வந்தபோது சரிவெல்லாம் மாலை வெயில். கீழே தூரத்தில் ஆற்றின் பள்ளத்தாக்கு தெரிந்தது. மாமா சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். பிரித்தார். நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு மடித்து, மறுபடியும் உறைக்குள் போட்டு, என்னிடமே நீட்டினார். எனக்குப் பகீரென்றது. மறுபடியும் 'யோசிக்கிறேன்' தானா? பெரியம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

"இதைக் கொண்டுபோய் அக்காகிட்டே கொடு. இதிலே கையெழுத்துப் போட்டு அனுப்பறது தபால் வேலை. அதை நான் நாப்பது வருஷம் பார்த்தாச்சு. விக்கிறவன் படகு பக்கத்திலே நின்னுதான் விக்கணும். தை மாசம் நானே வரேன்னு சொல்லு."

பெரியம்மாவிடம் நான் இதை ஒப்பித்தபோது அவள் நம்பவில்லை. "வருவான், வருவான்" என்று சொல்லி உறையை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்தாள். நானும் பாதிதான் நம்பினேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் மாமா வந்து இறங்கினார். ஸ்டேஷனுக்கு நான் போயிருந்தேன். வெளியே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பெட்டியை என்னிடம் தள்ளினார். "நீ இதை ஆட்டோவிலே கொண்டு போ. நான் நடந்து வரேன்" என்றார். அறுபத்தாறு வயசுக்காரர், வெயிலில், கடைத்தெரு வழியாக நடந்து, எனக்கு ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். பெரியம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

மாசி பிறப்பதற்குள் பத்திரம் பதிவாகிவிட்டது. அதற்கு முன்னால் பெரியம்மா அந்த மொட்டை மாடியில் கடைசித் தடவையாக வடகம் போட்டாள். தை வெயில் வடகத்துக்குப் போதாது. சித்திரை, வைகாசிதான் அதற்குக் காலம். "கோடை வரை வீடு இருக்காதே" என்றாள். பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. காலையில் பரப்புவதும் மாலையில் அள்ளுவதும் மாமாவின் வேலை. ஒவ்வொன்றையும் எவ்வளவு போடுவது, எத்தனை நாள் பிசைவது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

இப்போது பெரியம்மா திருச்சியில் இருக்கிறாள். ஒழுகாத கூரை; மழை வந்தால் எழுந்து பாத்திரம் வைக்க வேண்டாம். முதல் மழையன்று ராத்திரி தூக்கமே வரவில்லை என்று டெலிபோனில் சொன்னாள். வந்தது சந்தோஷமா வருத்தமா என்று நான் விசாரிக்கவில்லை.

ஜூன் மாதம் மாமாவிடமிருந்து செய்தி வந்தது. போர்தோவில் தம்முடைய பால்கனியில் அவரே வடகம் போட்டாராம். நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. உருண்டைகள் மேல் சாம்பல் பூத்தாற்போல் பூசணம். "இங்கே இதற்கு உயர்குலத்து அழுகல் என்று பெயர். தூர எறியலாமா, காத்திருக்கலாமா? அக்காவைக் கேட்டுச் சொல்" என்று எழுதியிருந்தார்.

கேட்டேன்.

"வடகத்திலே பூசணம் பிடிச்சா குப்பையிலே கொட்டச் சொல்லு. அதிலே உயர்குலம் என்ன வேண்டிக்கிடக்கு? அடுத்த தடவை விளக்கெண்ணெயைத் தாராளமா விட்டு உருட்டச் சொல்லு" என்றாள் பெரியம்மா.